எழுதி வைத்த வெற்றிக்குப் பட்டம் எதற்கு?



விடுமுறைக்கு பாகான் செராய் வந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் சமய வகுப்புக்குப் போய்விடுவேன். பெரிய ஆசிரியர் வேலை ஒன்றும் இல்லை. சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்துத் தேவாரம் சொல்லிக் கொடுப்பது, மிச்ச நேரத்தில் ஒரு கதை சொல்வது, அவ்வளவுதான். போன விடுமுறையில் ஒரு நாள் பீமன் கதை சொன்னேன். பாண்டவர்கள் அஞ்ஞாதவாசத்தில் விராட நாட்டில் ஒளிந்திருக்கிறார்கள். பீமன் அரண்மனைச் சமையல்காரன் வேஷத்தில் இருக்கிறான். திருவிழாவுக்கு வந்த ஜீமூதன் என்ற மல்லனை எதிர்க்க ஆள் இல்லை. பீமன் இறங்கி அவனைத் தூக்கிச் சுழற்றித் தரையில் அடிக்கிறான்.

பிள்ளைகளுக்குக் கண் விரிந்தது. முன் வரிசையில் இருந்த நான்காம் ஆண்டுப் பையன் கையைத் தூக்கினான்.

"அண்ணே, டிவியில வர்ற ரெஸ்லிங் எல்லாம் பொய்தானே? யார் ஜெயிப்பாங்கன்னு முன்னாடியே எழுதி வெச்சிருவாங்களாம். எங்க அக்கா சொன்னாங்க. அப்புறம் எதுக்கு அண்ணே பெல்ட் குடுக்கறாங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. "அடுத்த வாரம் சொல்றேன்டா" என்று சமாளித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தக் கேள்வி என்னைக் குத்தியதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, அதே வார்த்தையை நான் ஒருமுறை எங்கள் தாத்தாவிடம் சொல்லி அவர் மனதை உடைத்திருக்கிறேன். இரண்டு, முன்கூட்டியே எழுதி வைத்த வெற்றிக்கு நானும் ஒரு "பெல்ட்" வாங்கியிருக்கிறேன். இரண்டையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

தாத்தாவின் தாரா சிங்

தாத்தா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும் அதே தோட்டத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவரிடம் கேட்டு வளர்ந்த கதை ஒன்று உண்டு. அவருடைய அப்பா அவரை ரயிலில் ஈப்போவுக்குக் கூட்டிப் போய் தாரா சிங், கிங் காங் குஸ்தியைக் காட்டினாராம்.

"கிங் காங் ஒரு லோரி மாதிரி இருப்பான்டா. மூச்சு விட்டா மேடை ஆடும். நம்ம தாரா சிங் அவனை அப்படியே தலைக்கு மேல தூக்கினான் பாரு!" என்பார். சொல்லும்போது தலையணையை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு வயதில் அந்தத் தலையணையாக இருந்திருக்கிறோம். தாரா சிங் பஞ்சாபியர் என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. "நம்ம ஆளு" என்பார், அவ்வளவுதான்.

2017ஆம் ஆண்டு மே மாதம் நான் படிவம் இரண்டில் இருந்தேன். சிக்காகோவை ஒட்டிய ரோஸ்மொண்டில் ஜிண்டர் மஹால், ரேண்டி ஓர்ட்டனைத் தோற்கடித்து டபிள்யூ.டபிள்யூ.ஈ. சாம்பியன் ஆனார். அங்கே ஞாயிறு இரவு, இங்கே திங்கள் காலை. பள்ளி முடிந்து வந்து சாயங்காலம் தாத்தாவோடு உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். நம் நிறத்தில், நம் முகச்சாயலில் ஒருவர் அந்த பெல்ட்டைத் தூக்கிப் பிடிக்கிறார். தாத்தா கை தட்டினார். "தாரா சிங்குக்கு அப்புறம் இவன்தான்டா!" என்றார்.

எனக்குப் பதினான்கு வயது. எல்லாம் தெரிந்த வயது. அன்றைக்குப் பள்ளியில் நண்பர்கள் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். "தாத்தா, இதெல்லாம் நடிப்பு. இந்தியாவுல வியாபாரம் பண்றதுக்காக இவருக்குக் குடுத்திருக்காங்க. உங்க தாரா சிங்கும் அப்படித்தான். முன்னாடியே பேசி வெச்சிட்டுத்தான் அடிச்சிருப்பாங்க."

தாத்தா என்னைத் திட்டவில்லை. "அப்படியா ஐயா" என்றார். கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் சாகும் வரை அந்தக் கதையை என் முன்னால் சொன்னதே இல்லை. நானும் கேட்கவில்லை.

பட்டத்தின் பூர்வீகம்

பையனின் கேள்விக்குப் பதில் தேடி இந்தப் பட்டங்களின் கதையைத் தோண்டிப் பார்த்தேன். தோண்டத் தோண்ட ஆச்சரியம்தான்.

மல்யுத்தப் பட்டம் நமக்குப் புதிதில்லை. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்று ஒரு பட்டம். பெரிய மல்லன் என்று அர்த்தம். அந்தப் பட்டம்தான் மாமல்லபுரம் என்று ஓர் ஊரின் பெயராகவே நின்றுவிட்டது.

நம் காலத்துக்கு அருகில் வந்தால் காமா. 1910இல் லண்டனில் போலந்துக்காரர் ஸ்பிஸ்கோவோடு மோதினார். ஸ்பிஸ்கோ தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தே இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார். முடிவு இல்லாமல் ஆட்டம் நின்றது. ஒரு வாரம் கழித்து மறு ஆட்டம் என்றார்கள். அன்றைக்கு ஸ்பிஸ்கோ வரவே இல்லை, பெல்ட் காமாவுக்குப் போனது. நிஜமான போட்டி இப்படித்தான் இருக்கும். இரண்டு பலசாலிகள் உண்மையாகப் பிடித்தால் பெரும்பாலும் ஒருவர் மேல் ஒருவர் கிடப்பார்கள். டிக்கெட் வாங்கி வந்தவன் கொட்டாவி விடுவான். அதனால்தான் 1920களில் அமெரிக்க ஏற்பாட்டாளர்கள் வேகமான, நேரம் குறித்த, முடிவு பேசி வைத்த ஆட்டத்துக்கு மாறினார்கள். அது உலகம் முழுக்கப் பரவியது.

அந்த உலகத்துக்குள் வந்தவர்தான் தாரா சிங். 1928இல் அமிர்தசரஸ் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். 1940களின் இறுதியில் பிழைப்புக்காகச் சிங்கப்பூர் வந்து டிரம் செய்யும் ஆலையில் வேலை பார்த்தார். கிரேட் வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் பயிற்சி எடுத்தார். பிறகு கோலாலம்பூரில் தர்லோக் சிங்கைத் தோற்கடித்து வாங்கிய பட்டத்தை இன்று அவர் வாழ்க்கைக் குறிப்புகளில் "மலேசிய சாம்பியன்" என்று எழுதுகிறார்கள். யோசித்துப் பாருங்கள், அவர் 1952இல் இந்தியாவுக்குத் திரும்பியபோது மலேசியா என்ற நாடே கிடையாது. அது பிறந்தது 1963இல். இல்லாத நாட்டுக்கு ஒரு சாம்பியன்!

அதற்குப் பிறகு பட்டங்கள் வரிசையாக வந்தன. 1954இல் டைகர் ஜோகிந்தர் சிங்கை வென்று "ருஸ்தம்-ஏ-ஹிந்த்". ருஸ்தம் பாரசீகக் காவியத்தின் மாவீரன். காமா ஒரு காலத்தில் வைத்திருந்த அதே பெயர். 1956இல் ராஞ்சியில் கிங் காங்கைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றியதாக இன்றும் பேசப்படுகிறது. 1959இல் கல்கத்தாவில் கனடாக்காரர் ஜார்ஜ் கோர்டியென்கோவை வென்று காமன்வெல்த் சாம்பியன். 1968 மே 29இல் பம்பாயில் லூ தெஸ்ஸை வென்று உலக சாம்பியன். இங்கேயும் ஒரு வேடிக்கை இருக்கிறது. தெஸ் அமெரிக்காவின் பெரிய சங்கத்து உலகப் பட்டத்தை 1966லேயே ஜீன் கினிஸ்கியிடம் இழந்துவிட்டவர். அப்படியென்றால் 1968இல் உலக சாம்பியன் யார்? எந்த ஊரில் நின்று கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நாம் டிவியில் பார்க்கும் பெல்ட்டின் பிறப்பு இதைவிடக் கூத்து. 1963 ஜனவரியில் பட்டி ரோஜர்ஸ் அந்தச் சங்கத்துப் பட்டத்தைத் தெஸ்ஸிடம் இழந்தார். வடகிழக்கு அமெரிக்க ஏற்பாட்டாளர்கள் இதை ஏற்கவில்லை. தனியாக ஒரு சங்கம் கண்டு ரோஜர்ஸையே முதல் சாம்பியன் என்று அறிவித்தார்கள். எப்படி ஜெயித்தார் என்று கேட்டால், ரியோ டி ஜெனிரோவில் ஒரு போட்டி நடந்தது, அதில் வென்றார் என்றார்கள். அப்படி ஒரு போட்டி நடக்கவே இல்லை. ஜிண்டர் மஹால் 2017இல் தோளில் போட்ட பெல்ட்டின் மூதாதை, நடக்காத போட்டியில் ஜெயித்த பெல்ட்.

அதே ஆண்டு மே 17இல் நியூயார்க்கில் புரூனோ சம்மார்ட்டினோ, ரோஜர்ஸை 48 வினாடியில் சாய்த்து அந்தப் பட்டத்தை எடுத்தார். ஏழு ஆண்டு எட்டு மாதம் வைத்திருந்தார். பிறகு இரண்டாம் முறையும் சாம்பியன் ஆனார். அந்தக் காலத்தில், 1976இல், ஸ்டான் ஹான்சனோடு மோதும்போது ஹான்சன் தூக்கிப் போட்டது தவறிப்போய் சம்மார்ட்டினோவின் கழுத்தெலும்பு முறிந்தது. இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். ஆட்டத்தின் முடிவு எழுதி வைத்தது. கழுத்து முறிந்ததை யாரும் எழுதி வைக்கவில்லை.

சூரன் ஜெயித்த வருஷம் உண்டா?

இப்போது பையனின் கேள்விக்கு வருவோம். முடிவு தெரிந்த ஆட்டம் பொய்யா?

நம் கோயில்களில் கந்த சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் நடக்கிறது. சூரன் தலை மாற்றி மாற்றி வருகிறான். பிள்ளைகள் அவனோடு ஓடுகிறார்கள். கடைசியில் முருகனின் வேல் பாய்கிறது. சூரன் ஜெயித்த வருஷம் ஒன்றாவது உண்டா? இல்லை. ஆனாலும் "இது மேட்ச் ஃபிக்ஸிங்" என்று யாரும் எழுந்து போவதில்லை. வேல் பாயும்போது பாட்டிகள் அழுகிறார்கள், நாம் அரோகரா என்கிறோம். சூரனைச் சுமந்து ஓடும் அண்ணன்மாருக்குத் தோள் வீங்குகிறது. அந்த வீக்கம் நிஜம்.

குஸ்தியும் ஒரு வகையில் அப்படித்தான். கிட்டத்தட்ட 200 கிலோ மனிதனைத் தலைக்கு மேல் தூக்குவது எப்படி என்று பொறியியல் மாணவனாக யோசித்தேன். தூக்கப்படுகிறவன் தன் உடம்பை விறைத்து, எடையைச் சரியான இடத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும். துள்ளினால் இரண்டு பேருக்கும் எலும்பு மிஞ்சாது. அதாவது கிங் காங் தன் கழுத்தையும் முதுகையும் நம்பி தாரா சிங் கையில் கொடுக்கிறார். தாரா சிங் அந்த நம்பிக்கையைப் பத்திரமாகத் தரையில் இறக்க வேண்டும். ஊர் ஊராக இவர்கள் மீண்டும் மீண்டும் மோதியும் மறுநாள் எழுந்து நின்றார்கள் என்றால் அதற்கு அதுதான் காரணம்.

அப்படியென்றால் பெல்ட் எதற்கு? யார் பலசாலி என்று சொல்வதற்கு இல்லை. இவனை நம்பி அரங்கத்தை ஒப்படைக்கலாம், எதிராளியின் உடம்பை ஒப்படைக்கலாம் என்று அந்தத் தொழில் கொடுக்கும் பொறுப்பு அது. ஜிண்டர் மஹாலை அந்த நிறுவனம் 2014இல் வேலையை விட்டு அனுப்பியது. 2016இல் திரும்ப எடுத்தது. வந்தவர் பெரும்பாலும் தோற்கும் ஆளாகத்தான் இருந்தார். பிறகு உடம்பை அப்படிச் செதுக்கிக் கொண்டு நின்றார். வியாபாரத்துக்காகத்தான் பெல்ட் கொடுத்தார்கள் என்று நான் சொன்னது தப்பில்லை. ஆனால் 170 நாள் அதைச் சுமந்தவர் அவர்தான். இன்னொரு செய்தி. அவருடைய மாமா கனடாவில் குஸ்தி ஆடியவர், மேடைப் பெயர் காமா சிங். லண்டனில் ஸ்பிஸ்கோவுக்காகக் காத்து நின்ற காமாவின் பெயர் அப்படிக் கடல் தாண்டிப் போயிருக்கிறது.

நம் சமுதாயத்திலும் பட்டத்துக்குப் பஞ்சம் இல்லை. மேடை போட்டால் மாலை, சால்வை, அடைமொழி. நம் இளைஞர் இயக்கத்திலேயே தலைவர், செயலாளர், பொருளாளர் என்று எத்தனை பொறுப்புகள்! நான் ஒரு தவணை செயலாளராக இருந்தேன். வேறு யாரும் கை தூக்காததால் கிடைத்த பதவி அது. அந்தத் தேர்தலும் பேசி வைத்ததுதான். அதனால் அந்தப் பதவி பொய்யாகிவிடவில்லை. அறிக்கை எழுதாமல் நான் தூங்கிய மாதங்களில்தான் அது பொய்யாக இருந்தது.

பீமன் வேஷமும் தருமன் வார்த்தையும்

இவ்வளவு எழுதிய பிறகு எனக்கே ஒரு பயம் வந்தது. எல்லாம் கூத்துதான், எல்லாம் சரிதான் என்று முடித்துவிட முடியுமா?

மகாபாரதத்திலேயே இரண்டு சம்பவம் இருக்கிறது. ஒன்று நான் வகுப்பில் சொன்னது. பீமன் பொய்ப் பெயரில், சமையல்காரன் வேஷத்தில் மல்யுத்தம் செய்தான். பெயர் பொய், பலம் நிஜம். அந்த வேஷத்தை நம்பியதால் விராட மன்னன் எதையும் இழக்கவில்லை. பிற்பாடு அந்தச் சமையல்காரன்தான் அவனைப் பகைவரிடமிருந்து மீட்டான்.

இன்னொன்று குருட்சேத்திரத்தில். அஸ்வத்தாமன் என்ற யானை செத்தது. "அஸ்வத்தாமன் இறந்தான்" என்று தருமன் துரோணரிடம் சொல்கிறார். யானை என்ற வார்த்தை அவர் காதில் விழாதபடி சொல்கிறார். வார்த்தைக்கு வார்த்தை பார்த்தால் அதில் பொய்யே இல்லை. ஆனால் துரோணர் ஏன் அவரிடம் வந்து கேட்டார்? இந்த மனிதர் பொய் சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கையில் கேட்டார். அந்த நம்பிக்கையையே ஆயுதமாக்கி அவரை வீழ்த்தினார்கள். அதுவரை தரையில் படாமல் நான்கு விரல் உயரத்தில் ஓடிய தருமனின் தேர் அன்றைக்குத் தரையைத் தொட்டது.

எனக்குப் புரிந்தது இதுதான். ஒரு விஷயம் வேஷமா வஞ்சனையா என்று பார்க்க, "இது நிஜமா" என்ற கேள்வி மட்டும் போதாது. "உண்மை தெரிய வரும்போது, நம்பியவன் எதை இழந்திருப்பான்?" என்று கேட்க வேண்டும். குஸ்தி ரசிகன் விஷயத்தில் இதற்குப் பதில் கிடைத்துவிட்டது. 1989இல் அந்த அமெரிக்க நிறுவனமே நியூஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தில், இது போட்டி இல்லை, கேளிக்கை என்று ஒப்புக்கொண்டது. ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக விலகிப் போகவில்லை. அவர்கள் காசு கொடுத்தது முடிவுக்காக இல்லை என்பது தெரிந்துபோனது.

ஆனால் அந்த ஒப்புதலிலும் ஒரு பாடம் இருக்கிறது. ரசிகனிடம் நேர்மையாக இருக்க வேண்டும் என்று அவர்கள் அதைச் சொல்லவில்லை. விளையாட்டு ஆணையத்தின் கண்காணிப்பும் கட்டணமும் தங்கள் மேல் விழக்கூடாது என்று சொன்னார்கள். உண்மையையும் லாபத்துக்காகச் சொல்ல முடியும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எனக்கே தேவைப்படும்.

என்னுடைய 197

இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு ஓர் ஆய்வுக்கூடப் பாடம். எஃகுக் கம்பியை இயந்திரத்தில் பிடித்து இழுத்து, எவ்வளவு விசைக்கு எவ்வளவு நீள்கிறது என்று அளந்து, யங் குணகம் கண்டுபிடிக்க வேண்டும். எஃகுக்கு அது ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல். எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் எண் அது. நாங்கள் நால்வர் ஒரு குழு. வெள்ளிக்கிழமை கடைசி நேரம். கம்பியின் மேலேயே பொருத்தி நீட்சியை அளக்கும் சின்னக் கருவி ஒன்று உண்டு. அதைப் பொருத்த நேரம் பிடிக்கும் என்று விட்டுவிட்டு, இயந்திரத்தின் மேல்பிடி எவ்வளவு நகர்ந்தது என்பதையே நீட்சியாக எடுத்துக்கொண்டோம்.

கணக்குப் போட்டால் 34 வந்தது.

திங்கட்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். விடை 200 என்று தெரியும். பின்னாலிருந்து முன்னால் வந்தோம். நீட்சி எண்களை எல்லாம் சுருக்கி 197 வரும்படி செய்தோம். எல்லாப் புள்ளியும் நேர்க்கோட்டில் விழுந்தால் சந்தேகம் வரும் என்று ஒன்றிரண்டைக் கொஞ்சம் தள்ளியும் வைத்தோம். அந்த யோசனை என்னுடையது. புத்தக எண்ணுக்கு ஒன்றரை விழுக்காடுதான் வித்தியாசம். முழு மதிப்பெண் கிடைத்தது. அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. எங்கள் அறிக்கையை அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு மாதிரி அறிக்கையாக வைத்தார்கள். அதுதான் என் பெல்ட்.

இந்த ஆண்டு ஒரு தங்கை வாட்ஸ்அப்பில் கேட்டார். "அண்ணா, எங்களுக்கு 36தான் வருது. நாலு கம்பி இழுத்துட்டோம். உங்க ரிப்போர்ட்ல 197 இருக்கு. நாங்க எங்க தப்பு பண்றோம்?"

நான் என்ன பதில் போட்டேன் தெரியுமா? "மறுபடி கவனமா பண்ணிப் பாருங்கமா."

அவர்கள் செய்த தப்பு நாங்கள் செய்த அதே தப்பு. மேல்பிடியின் நகர்வில் கம்பியின் நீட்சி மட்டும் இல்லை. பிடியில் கம்பி வழுக்குவது, இயந்திரத்தின் சட்டமே வளைந்து கொடுப்பது எல்லாம் சேர்ந்துவிடும். நாங்கள் கம்பியை அளப்பதாக நினைத்து இயந்திரத்தை அளந்திருக்கிறோம். 34 என்ற எண் ஒரு நல்ல ஆசான். அதை அப்படியே எழுதி, ஏன் இப்படி வந்தது என்று யோசித்திருந்தால் அன்றைக்கே கற்றிருப்போம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களும் கற்றிருப்பார்கள். நான் 197 என்று எழுதியதால், சரியாக யோசிக்கக் கூடிய ஒரு பெண் தன் மேலேயே சந்தேகப்பட்டு நான்கு கம்பிகளை இழுத்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு ஒரு பாலத்தின் கம்பியை இப்படி யாராவது சோதித்தால், அதன் மேல் போகிறவன் அந்த எண்ணை நம்பித்தான் போவான். குஸ்தி பார்க்கிறவனைப் போல அவன் டிக்கெட் வாங்கிக் கூத்துப் பார்க்க வரவில்லை.

தாரா சிங் மேடையில் முடிவு எழுதி வைத்தது. உடம்பு நிஜம். என் அறிக்கையில் முடிவும் எழுதி வைத்தது, உழைப்பும் இல்லை, நம்பியவருக்கு நஷ்டம் மட்டும் நிஜம்.

பாட்டி சொன்னது

வகுப்பில் கேள்வி கேட்கப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாட்டியிடம் போய் உட்கார்ந்தேன். "தாத்தா ஈப்போவுல தாரா சிங்கைப் பார்த்தாரே, அது எந்த வருஷம் பாட்டி?" என்று கேட்டேன்.

பாட்டி வெங்காயம் உரித்துக்கொண்டே சிரித்தார். "உங்க தாத்தாவா? ஈப்போவுக்கா? அது அவசரகாலம்டா. பொழுது சாஞ்சா தோட்டத்தை விட்டு வெளிய கால் வைக்க முடியாது. அவங்க அப்பாவும் போகல, இவரும் போகல. கிராணி மவன் போய்ட்டு வந்து சொன்னதைக் கேட்டுட்டு இவரு லயத்துப் பிள்ளைங்களுக்குச் சொல்வாரு. சொல்லிச் சொல்லித் தானே போன மாதிரி ஆயிருச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்குத் தெரியுமா? அப்புறம் ஏன் பாட்டி யார்கிட்டயும் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? கேக்க நல்லாத்தானே இருந்துச்சு. உங்க அப்பன் சின்னதுல பயந்தாங்கொள்ளி. ராத்திரியில லயத்துக்குப் பின்னால கக்கூசுக்குப் போகமாட்டான். தாரா சிங் கதையைச் சொல்லித்தான் இவரு அவனை இருட்டுல அனுப்பி வெச்சாரு."

பாட்டி ஐம்பது வருஷமாகத் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார். நான் ஒரு சாயங்காலத்தில் "கண்டுபிடித்து" உடைத்துவிட்டேன். அன்றைக்கு நான் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த உண்மையைத் தாத்தாவுக்காகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்று காட்டச் சொன்னேன். தாத்தா தான் கேட்ட கதையைத் தான் பார்த்ததாகச் சொன்னது சரியென்று நான் வாதாட மாட்டேன். ஆனால் அதை நம்பிய பிள்ளை இருட்டில் தைரியமாக நடந்தது. என் 197ஐ நம்பிய பெண் வெளிச்சத்திலேயே தடுமாறினாள்.

தாரா சிங் 1980களின் பிற்பகுதியில், அறுபதை நெருங்கும் வயதில், ராமாயணத் தொலைக்காட்சித் தொடரில் அனுமனாக நடித்தார். குஸ்தி பயிலும் அகாடாக்களில் மல்லர்கள் அனுமனை வணங்கிவிட்டுத்தான் மண்ணில் இறங்குவார்கள். மல்லர்கள் வணங்குகிறவரின் வேஷத்தை ஒரு மல்லரே போட்டுக்கொண்டார். தாத்தா வீடியோ கேசட்டில் அதைப் பார்க்கும்போது நாற்காலியில் உட்காராமல் தரையில் உட்காருவாராம். பாட்டி சொன்னார். அது தாரா சிங் என்று தாத்தாவுக்குத் தெரியாதா என்ன?

இன்னும் வராத பதில்

அன்றிரவே அந்தத் தங்கைக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். பிறகு எங்கள் குழுவில் மற்ற மூவரோடும் பேசினேன். விரிவுரையாளரிடம் சொல்ல வேண்டும் என்றேன். இரண்டு பேர் யோசித்துச் சரி என்றார்கள். ஒருவன், "நீ உன் மனசாட்சிக்காக எங்க மார்க்கைப் பலி குடுக்கறே" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. மேலே சொன்னேனே, உண்மையையும் லாபத்துக்காகச் சொல்ல முடியும் என்று. என் மனம் லேசாக வேண்டும் என்பதும் ஒரு லாபம்தான். அதனால் கடிதத்தில் எண்களைத் திருத்தியது நான் என்று மட்டும் எழுதினேன். மாதிரி அறிக்கையை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக 34 வந்த கணக்கையும் அது ஏன் வந்தது என்ற விளக்கத்தையும் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறேன். அந்த நண்பன் இன்னும் என்னோடு பேசவில்லை. விரிவுரையாளரிடமிருந்தும் இதை எழுதும் வரை பதில் வரவில்லை.

அடுத்த ஞாயிறு வகுப்பில் பையனிடம் சொன்னேன். "பெல்ட் அடிச்சு ஜெயிச்சதுக்கு இல்லடா. இவரை நம்பலாம்னு குடுக்கறது."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப நம்ப முடியாத ஆளுக்குக் குடுத்துட்டா அண்ணே?"

"திருப்பிக் குடுக்கணும்டா" என்றேன். பிறகு என் 197 கதையை அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்.

"கணக்குப் புத்தகத்துல பின்னாடி விடையைப் பார்த்து எழுதுவாங்களே, அது மாதிரியா?"

"ஆமா. அதேதான்."

"டீச்சர் அடிப்பாங்களா அண்ணே?"

"தெரியலடா. சொன்னதும் உனக்குச் சொல்றேன்" என்றேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. தேவாரப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "சரி அண்ணே, பீமன் அப்புறம் என்ன பண்ணான்?" என்று கேட்டான்.